சுமக்கிற காலம் – 5: வாயுவா, பிள்ளையா?

வாந்தி ஒருவழியாக நின்றுவிட்டது. சென்ற இதழ்களில் அதையே படித்துச் சலித்திருப்பீர்கள். எனக்கும் போதும் போதும் என்றாகிவிட்டது. சித்திரைக் கடைசி, கத்திரி வெயில் தொடங்கியிருந்த நேரம். ஒரு காலை தாளிக்கிற வாசனை மூக்கில் ஏறியும் குடல் புரளவில்லை. கடுகு வெடித்து, கறிவேப்பிலை பொரிந்து, பெருங்காயமும் விழுந்தாகிவிட்டது. நான் அடுக்களையிலேயே நின்றுகொண்டிருந்தேன். அத்தை திரும்பிப் பார்த்தார். "மசக்கை இறங்கிடுச்சு போல" என்றவர், கேட்காமலேயே இன்னும் இரண்டு தோசை ஊற்றினார்.

"இனி மூணு மாசம் ராஜவாழ்க்கைதான், அனுபவிச்சுக்கோங்க" என்று டாக்டர் சொல்லியிருந்தார். பாதி உண்மை. பசிக்கிறது, தூக்கம் வருகிறது, காட்டூரிலிருந்து தில்லை நகர் வரை பஸ்ஸில் மயக்கமில்லாமல் போய்வர முடிகிறது. மறு பாதியை அவர் சொல்லவில்லை. சளியே இல்லாமல் மூக்கு அடைத்துக்கொள்கிறது. பல் தேய்த்தால் ஈறில் இரத்தம். படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் அடிவயிற்றின் ஓரத்தில் சுரீர் என்கிறது. நள்ளிரவில் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டு, கட்டைவிரலை மேலே மடக்கிப் பிடித்தபடி வீட்டுக்காரரை எழுப்ப வேண்டியிருக்கிறது. தொப்புளுக்குக் கீழே ஒரு கருத்த கோடு ஒருநாள் இல்லை, மறுநாள் இருக்கிறது.

மூக்கடைப்புக்கும் ஈறுக்கும் இரத்த ஓட்டம் கூடியதும் ஒரு காரணம். பேறுகாலத்தில் பெண்ணின் உடலில் ஓடும் இரத்தம் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிவிடுகிறது. அதில் ஒரு விசித்திரம் உண்டு. நீர்ப்பகுதி வேகமாகக் கூடுகிறது. சிவப்பணுக்கள் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் பின்தங்குகின்றன. அதனால் இரத்தம் கூடியிருக்கும்போதே ஹீமோகுளோபின் எண் இறங்கிக் காட்டும். எனக்கு 12.2 இருந்தது 10.7 ஆனது. 11-க்குக் கீழே போனால் நம் ஊரில் இரத்தசோகை என்று எழுதிவிடுவார்கள். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் 48 சதவீதம் பேர் அந்தக் கணக்கில் வருகிறார்கள். ஏழை எளியவர்கள் மட்டும் என்று நினைக்க வேண்டாம். மாதச் சம்பளமும் மூன்று வேளைச் சோறும் உள்ள நானும் அதில் ஒருத்தி.

மருந்து, எல்லா ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இலவசமாகக் கிடைக்கும் அதே இரும்புச்சத்து மாத்திரைதான். 60 மில்லிகிராம் இரும்பு, கூடவே ஃபோலிக் அமிலம். நாலாம் மாதத்திலிருந்து 180 நாட்களுக்காவது விழுங்க வேண்டும். மலம் கறுத்துப் போகும், கட்டிக்கொள்ளும். இதை முன்கூட்டியே சொல்லாததால் பயந்துபோய் மாத்திரையைக் குப்பையில் போட்டவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. காபி, டீ குடித்த கையோடு போட்டால் இரும்பு உடம்பில் சேராது. சுண்ணாம்புச்சத்து மாத்திரையோடும் சேர்த்துப் போடக்கூடாது. எலுமிச்சைச் சாற்றோடு போட்டால் நன்றாகச் சேரும். ஆக, ஒரு நாளில் எந்நேரம் காபி, எந்நேரம் எந்த மாத்திரை என்று கால அட்டவணை போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கிறேன். கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவளுக்கு இது கை வந்த கலை.

சாப்பாட்டு விஷயத்தில்தான் வீட்டோடு மோதல். "ரெண்டு உசுருக்குச் சேர்த்துச் சாப்பிடு" என்பது அத்தையின் வேதம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரைப்படி பேறுகாலத்தின் பிற்பகுதியில் கூடுதலாகத் தேவைப்படுவது ஒரு நாளைக்குச் சுமார் 350 கலோரி. நாலு இட்லி, கொஞ்சம் சாம்பார், அவ்வளவுதான். உள்ளே இருப்பவரின் மொத்த எடையே அரைக் கிலோகூட இல்லை. இதை அத்தையிடம் சொன்னேன். "அந்தக் கழகத்துக்காரங்க யாரும் புள்ள பெத்தவங்களா?" என்று கேட்டார். பேச்சு அங்கே முடிந்தது. இட்லி ஐந்தாக வந்தது.

பப்பாளிக்கு வீட்டில் தடை. காயின் பாலில் விஷயம் இருக்கிறது. எலிகளின் கருப்பையில் அது சுருக்கத்தை உண்டாக்கியதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நன்றாகப் பழுத்த பழத்துக்கு அந்தக் குற்றம் இல்லை. ஆனாலும் நான் வாதாடவில்லை. இந்த வெயிலுக்குத் தர்ப்பூசணியும் நுங்கும் இருக்கும்போது பப்பாளிக்காகச் சண்டை பிடிக்க என்ன அவசியம்? குங்குமப்பூவுக்குத்தான் வாதாடினேன். தோல் நிறத்தை அப்பா அம்மாவின் மரபணு முடிவு செய்கிறது, நானும் என் வீட்டுக்காரரும் கறுப்பு, அத்தையும் கறுப்பு. கிராம் கணக்கில் விற்கும் ஒரு நாரைப் பாலில் போட்டு எங்கள் இரண்டு குடும்பத்தின் சரித்திரத்தையும் அழிக்கப் பார்க்கிறார்கள். பாலை மட்டும் குடித்தேன்.

எங்கள் தெருக்கோடியில் இன்னொரு பிள்ளைத்தாச்சிப் பெண் இருக்கிறாள். என்னைவிட ஒரு மாதம் முன்னால். அவளுக்கு முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் பெட்டகம் வந்திருந்தது. ஊட்டச்சத்து மாவு, இரும்புச்சத்து டானிக், பேரீச்சை, ஆவின் நெய், பூச்சி மாத்திரை, ஒரு துண்டு. மொத்த உதவி 18,000 ரூபாய். அதில் 4,000 இப்படிப் பொருளாக வருகிறது. "நெய் மட்டும் எனக்கு, மாவை மாமியார் குடிக்குது" என்று சிரித்தாள். பேறுகாலப் பதிவு எண்ணை வாங்கினாயா என்று என்னை விசாரித்ததும் அவள்தான். அந்த எண் இல்லாமல் பின்னால் பிறப்புச் சான்றிதழுக்கு அலைய வேண்டும். தனியார் மருத்துவமனைக்குப் போகிறவர்களுக்கும் அது வேண்டும் என்பது எனக்கு அவள் சொல்லித்தான் தெரியும்.

இந்த மாதத்தில் உண்மையில் என்னைத் திகைக்க வைத்தது வேறொன்று. ஐந்தாம் மாதத்தில் வயிறு வெளியே தெரிய ஆரம்பிக்கிறது. தெரிந்த நிமிடத்திலிருந்து அது ஊருக்குப் பொதுவாகிவிடுகிறது.

முதலில் பஸ். துவாக்குடியிலிருந்து வரும் வண்டியில் காட்டூரில் ஏறினால், அரியமங்கலம், பால்பண்ணை நெரிசலைத் தாண்டி சத்திரம் போய்ச் சேரும்வரை உட்கார இடம் கிடைக்காது. சேலை கட்டிய நாளில் வயிறு மடிப்பில் மறைந்துவிடும். யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். சுடிதார் போட்ட நாளில் தெரியும்; ஆனால் பிள்ளையா, தொப்பையா என்று எதிரே இருப்பவருக்குச் சந்தேகம். தப்பாகக் கேட்டுவிட்டால் என்ன ஆவது என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நானே அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தபோது அப்படித்தான் திரும்பியிருப்பேன். கடைசியில் பூக்கூடையோடு காந்தி மார்க்கெட்டுக்குப் போகிற அம்மாக்கள்தான் கண்டுபிடிப்பார்கள். "ஏம்மா, முழுவாம இருக்கியா? வா இப்படி" என்று கையைப் பிடித்து உட்காரவைத்துவிட்டு, அடுத்த மூச்சில் வயிற்றைத் தடவி, "கூர்மையா இருக்கு, பையன்தான்" என்பார்கள்.

அடுத்தது அலுவலகம். தோளில் கைபடாமல் மரியாதையாகப் பேசுகிற சக ஊழியைகள் எல்லாம் வயிற்றைத் தொட மட்டும் அனுமதி கேட்பதில்லை. முகம் பொலிவாக இருப்பதால் பெண் என்கிறார் ஒருவர். முகம் வாடியிருப்பதால் பெண் என்கிறார் இன்னொருவர். வலது காலை முன்வைத்து எழுந்தேனா என்று கவனிக்கிற ஒருவர் இருக்கிறார். பெரியவர்கள் இப்படி என்றால் செல்போன் வேறு மாதிரி. ஒவ்வொரு வாரமும் குழந்தை எந்தக் காய், எந்தப் பழம் அளவு என்று ஒரு செயலி சொல்கிறது. பெயரே கேள்விப்படாத சீமைக் காய்களைத் தாண்டி, இருபதாவது வாரம் 'வாழைப்பழம்' என்றது. திருச்சிக்காரியிடம் வந்து வெறுமனே வாழைப்பழம் என்றால் எது? பூவனா, ரஸ்தாளியா, நேந்திரமா, கற்பூரவல்லியா? வாழைக்கென்றே மத்திய அரசின் ஆராய்ச்சி மையம் இருக்கிற ஊர் இது.

எல்லாப் பார்வைக்கும் மேலான பார்வை ஸ்கேன். இருபதாவது வாரம் எடுப்பதை 'அனாமலி ஸ்கேன்' என்கிறார்கள். வீட்டில் எல்லோருக்கும் அது 'குழந்தையைப் பார்க்கிற ஸ்கேன்'. பக்கத்து வீட்டுப் பாட்டி, "மூக்கு யாரு மாதிரின்னு பார்த்துட்டு வா" என்று அனுப்பிவைத்தார். ஸ்கேன் எடுப்பது அதற்காக அல்ல. குறை இருக்கிறதா என்று தேடத்தான் எடுக்கிறார்கள். அந்த வாரத்தைத் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் உண்டு. அதற்கு முன்னால் உறுப்புகள் தெளிவாகத் தெரியாது. கருக்கலைப்பைப் பற்றிய 1971-ஆம் ஆண்டுச் சட்டமோ 20 வாரத்தை எல்லையாக வைத்திருந்தது. 2021-ல் திருத்தினார்கள். இப்போது சில பிரிவினருக்கு 24 வாரம்வரை அனுமதி. பெரிய குறைபாடு என்று மருத்துவக் குழு உறுதி செய்தால் வார எல்லை கிடையாது. இதையெல்லாம் நான் தெரிந்துகொண்டது ஸ்கேனுக்கு முந்தைய இரவு. தெரிந்த பிறகு தூங்கவில்லை. மறுநாள் வரவேற்பறையில் உட்கார்ந்திருந்த மற்ற பெண்களின் முகத்தைப் பார்த்தபோது அவர்களும் தூங்கவில்லை என்று தோன்றியது. ஆனால் அங்கே யாரும் அதைப் பேசுவதில்லை. எல்லோரும் சுவரில் மாட்டியிருந்த கொழுகொழு வெள்ளைக்காரக் குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் படத்துக்குப் பக்கத்தில் இன்னொரு பலகை. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று இங்கே சொல்லப்படாது, சொல்வதும் கேட்பதும் குற்றம் என்கிறது. 1994-ஆம் ஆண்டுச் சட்டம் அது. ஸ்கேனுக்கு முன்னால் ஒரு படிவத்தில், குழந்தை ஆணா பெண்ணா என்று தெரிந்துகொள்ள விரும்பவில்லை என நாமே கையெழுத்துப் போட வேண்டும். பெண் சிசுக்களைக் காப்பாற்ற 1992-ல் சேலத்தில் அரசே தொட்டில் வைக்க வேண்டியிருந்த மாநிலத்தில் அந்தக் கையெழுத்தை வெறும் சம்பிரதாயம் என்று நினைக்க முடியவில்லை. நான் அழுத்தியே போட்டேன். எனக்கு முன்னால் போய்விட்டு வந்த பெண்ணின் அம்மா மட்டும், "டாக்டர் சிரிச்சாங்களா? சிரிச்சா பையன்" என்று ரகசியமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். சட்டம் சிரிப்பைத் தடை செய்யவில்லை.

உள்ளே குளிர்ந்த ஜெல்லைத் தடவி ப்ரோபை அழுத்தினார்கள். டாக்டர் என்னிடம் பேசவில்லை. பக்கத்தில் தட்டச்சு செய்கிற பெண்ணிடம் எண்களாகச் சொல்லிக்கொண்டே போனார். தலைச் சுற்றளவு, சிறுமூளை, மேலுதடு, முதுகெலும்பு, இதயத்தில் நாலு அறை, இரைப்பை, இரண்டு சிறுநீரகம், தொடை எலும்பின் நீளம். எதையாவது இரண்டு முறை பார்த்தால் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. முகத்தை மட்டும் பிள்ளை காட்டவில்லை, முதுகைத் திருப்பிக்கொண்டிருந்தது. "வெளியே போய் ஏதாவது இனிப்பாச் சாப்பிட்டு, நடந்துட்டு வாங்க" என்றார்கள். கடலைமிட்டாய் வாங்கித் தின்றுவிட்டு, வெயிலில் அந்தத் தெருவை நாலு தடவை அளந்துவிட்டுத் திரும்பினேன்.

அப்போதுதான் அது நடந்தது. திரையில் பிள்ளை காலை மடக்கி நீட்டி ஓர் உதை விட்டது. பளிச்சென்று தெரிந்தது. எனக்கோ ஒன்றுமே தெரியவில்லை. மறுபடியும் உதைத்தது, வயிற்றில் ஜெல்லின் குளிர்ச்சியைத் தவிர வேறு எந்த உணர்வும் இல்லை. என் வயிற்றுக்குள் நடப்பதை அறையில் இருந்த மற்றவர்களோடு சேர்ந்து நானும் ஒரு பார்வையாளராகப் பார்த்துக்கொண்டிருந்தேன். "நஞ்சுக்கொடி முன்பக்கமா இருக்கு. அது நடுவுல தடுக்குது. உங்களுக்கு அசைவு தெரிய இன்னும் ரெண்டு வாரம்கூட ஆகலாம்" என்றார் டாக்டர். அன்றைக்கு அவர் என்னிடம் நேராகப் பேசிய முதல் வாக்கியம் அது. (முன்பக்க நஞ்சுக்கொடி என்றால் இன்ன குழந்தைதான் என்று சொல்லும் வீடியோக்கள் ஏராளம். ஒட்டிய இடத்துக்கும் பிள்ளை ஆணா பெண்ணா என்பதற்கும் சம்பந்தமில்லை.)

அறிக்கையை வாங்கி வந்தபோது வீட்டில் அதை முதலில் முழுசாகப் படித்தவர் மாமா. 'பெல்' ஆலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கொதிகலன் குழாய்களின் வெல்டிங்கில் விரிசலோ ஓட்டையோ இருக்கிறதா என்று ஒலி அலை அனுப்பிப் பார்ப்பதுதான் அவருக்கு ஆயுள் முழுக்க வேலை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலால் வரிவரியாகத் தடவிப் படித்தார்.

"நாங்க கிரீஸ் தடவுவோம், உங்களுக்கு ஜெல்லு" என்றார். "ப்ரோபுக்கும் உடம்புக்கும் நடுவுல காத்து இருந்தா அலை உள்ள போகாதும்மா, அங்கேயே திரும்பிடும். இரும்பானாலும் அதேதான், வயிறானாலும் அதேதான்."

அவர் சொன்னதைப் பின்னால் தேடிப் படித்தபோது வியப்பு அதிகமானது. இரண்டுக்கும் அலைவரிசை கூட ஏறக்குறைய ஒன்றுதான். வினாடிக்குச் சில பத்து லட்சம் அதிர்வுகள். அதைவிடப் பெரிய விஷயம், வயிற்று ஸ்கேன் பிறந்ததே ஒரு கொதிகலன் ஆலையின் உதவியோடுதான். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் இயன் டொனால்ட் என்ற மகப்பேறு மருத்துவப் பேராசிரியர், உலோகத்தில் விரிசல் கண்டுபிடிக்கும் ஒலிக் கருவியை மனித உடம்பில் பயன்படுத்தினால் என்ன என்று யோசித்தார். 1955-ல், அறுவைச் சிகிச்சையில் எடுத்த கட்டிகளைக் கார்களில் ஏற்றிக்கொண்டு பக்கத்திலிருந்த பாப்காக் அண்ட் வில்காக்ஸ் கொதிகலன் ஆலைக்குப் போனார். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு துண்டு மாட்டிறைச்சி அங்கே வைத்திருந்தார்கள். நீர் நிறைந்த கட்டிக்கும் சதைக்கட்டிக்கும் எதிரொலி வேறு வேறாக வந்தது. பிறகு டாம் பிரவுன் என்ற இளம் பொறியாளரும் ஜான் மாக்விகார் என்ற மருத்துவரும் சேர்ந்து உழைத்து, 1958-ல் மூவருமாக லான்செட் இதழில் கட்டுரை வெளியிட்டார்கள். திருவெறும்பூரில் வெல்டிங் பார்த்த என் மாமனாரும், என் பிள்ளையின் சிறுநீரகத்தை எண்ணிய டாக்டரும் தொழில்முறையில் பங்காளிகள் என்று இதற்கு முன் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

அறிக்கையின் கடைசி வரியில் மாமாவின் விரல் நின்றது. இந்த வாரத்துக்குரிய பரிசோதனையில் பெரிய குறைபாடு எதுவும் தென்படவில்லை என்று எழுதி, எல்லாக் குறைகளையும் ஸ்கேனில் கண்டுபிடிக்க முடியாது என்று அடியில் பொடி எழுத்தில் சேர்த்திருந்தார்கள். எனக்கு அந்தப் பொடி எழுத்துதான் உறுத்தியது. குறையே இல்லை என்று எழுதினால் என்ன?

"ரிட்டயர் ஆகிறவரைக்கும் ஒரு ரிப்போர்ட்லயும் குறையே இல்லைன்னு நான் எழுதினதில்லம்மா" என்றார் மாமா. "குறிச்சு வைக்கிற அளவுக்கு எதுவும் தென்படலைன்னுதான் எழுதுவோம். அலை போன இடத்துல, நான் பார்த்த கோணத்துல, இல்லை. அவ்வளவுதான் சொல்ல முடியும். குறையே இல்லைன்னு எழுதுறவனை நம்பாதே."

டாக்டர், செயலி, பாட்டி யாரும் தராத ஆறுதல் அதில் எனக்குக் கிடைத்தது. எல்லாம் நல்லபடியாக இருக்கும் என்று அவர் சொல்லவில்லை என்பதுதான் காரணமோ என்னவோ. அன்றிரவு தூங்கினேன்.

ஆனி பிறந்தது. காலாண்டுக் கணக்கு முடிக்கிற நேரம். இந்த இடத்தில் அலுவலகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 2017 திருத்தம் கொண்டுவந்த 26 வாரப் பேறுகால விடுப்பைப் பற்றி மேலாளரிடம் பேசியபோது அவர் வாழ்த்துச் சொன்னார். அடுத்த திங்கட்கிழமை, நான் ஒன்றரை வருடமாகப் பார்த்துவந்த பெரிய வாடிக்கையாளரின் கணக்கு வேறொருவர் மேசைக்குப் போயிருந்தது. "உங்களுக்குச் சிரமம் வேண்டாம்னுதான்." சட்டத்தில் இதற்கு ஷரத்து இல்லை. என் வயிற்றை ஆராய்ந்து எதிர்காலம் கணித்தவர்களில் இவரையும் சேர்த்துக்கொண்டேன். நகர்ந்துவிடலாம்; வேறொரு இதழில் இதை விரிவாக எழுதுவேன்.

அப்படி மிச்சமிருந்த சின்னக் கணக்கு ஒன்றைச் சரிபார்த்துக்கொண்டிருந்த மாலையில், தொப்புளுக்கு இடப்பக்கம் கீழே, உள்ளேயிருந்து ஒரு தட்டு. மதியம் சாப்பிட்டது பட்டாணிச் சுண்டல். வாயுதான் என்று முடிவு செய்து அடுத்த வரிக்குப் போனேன். இரவு இடதுபுறம் ஒருக்களித்துப் படுத்தபோது மறுபடியும் ஒன்று. சற்று நேரம் கழித்து இன்னொன்று, அதே இடத்தில். வாயு நகரும், இது நகரவில்லை. வாயுவா, பிள்ளையா என்று இருட்டில் படுத்தபடி யோசித்துக்கொண்டிருந்தேன். முதல் பிள்ளைக்காரிக்கு இது பெரும்பாலும் 18-லிருந்து 20 வாரத்துக்குள் தெரியும். அடுத்தடுத்த பிள்ளைகளுக்கு அடையாளம் தெரிந்துவிடுவதால் இன்னும் முன்னாலேயே. எனக்கு நஞ்சுக்கொடியின் புண்ணியத்தில் 22 ஆகியிருந்தது.

யாரிடமும் சொல்லவில்லை. பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தவரை எழுப்பவும் இல்லை. கெண்டைக்கால் இழுத்தால் எழுப்புகிறவள் இதற்கு ஏன் எழுப்பவில்லை என்று பின்னால் அவர் கேட்டார்; நியாயமான கேள்வி. எடை, இரத்தம், சர்க்கரை, இடுப்பளவு, தலைச் சுற்றளவு என்று என்னைப் பற்றிய எல்லாமே ஏதோ ஒரு தாளில் ஏறிவிட்டது. வயிற்றைத் தொடாதவர்கள் ஊரில் குறைவு. இந்த ஒன்று மட்டும் எந்தத் தாளிலும் இல்லை. என்னைக் கேட்காமல் யாரும் தெரிந்துகொள்ள முடியாது. கொஞ்ச நாள் அப்படியே வைத்திருக்கலாம் என்று ஆசைப்பட்டேன். இதைச் சுயநலம் என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன்.

சில நாள் கழித்து அம்மாவிடம்தான் முதலில் சொன்னேன், போனில். லால்குடியில் இருக்கிறார். "மீன் புரண்ட மாதிரி இருந்துச்சா?" என்றார். எல்லா அம்மாக்களும் கேட்கிற கேள்வி. இல்லை, யாரோ விரலால் தட்டியது மாதிரி என்றேன். "அப்ப உங்க அப்பா மாதிரி. அவருக்கும் எதைச் சொல்றதுன்னாலும் மேசையில ரெண்டு தட்டுத் தட்டணும்" என்றார். மறுநாளே மலைக்கோட்டைக்குப் போய், தாயுமானவருக்கு வாழைத்தார் நேர்ந்துகொண்டு வந்துவிட்டார். காவிரியில் வெள்ளம் வந்து, பிள்ளைப்பேற்றுக்கு வரவேண்டிய தாய் அக்கரையில் மாட்டிக்கொண்டபோது, சிவனே தாயின் உருவில் வந்து அந்தப் பெண்ணுக்குப் பிரசவம் பார்த்தார் என்பது அந்தத் தலத்தின் கதை. அம்மாவுக்கு அதில் ஒரு சின்ன வருத்தம். "நானா இருந்தா எப்படியாவது வந்திருப்பேன்" என்றார். லால்குடியிலிருந்து காட்டூருக்கு அவர் கொள்ளிடத்தையும் காவிரியையும் தாண்டி வரவேண்டும். இப்போது இரண்டிலும் பாலம் இருக்கிறது.

வீட்டுக்காரரிடம் சொன்ன இரவு, வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு அரைமணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தார். எனக்குத் தட்டுவது தெரிகிறது. அவர் கைக்கு எட்டவில்லை. வெளியிலிருந்து உணர இன்னும் சில வாரம் ஆகும். முன்பக்க நஞ்சுக்கொடி என்றால் இன்னும் தாமதம். "இப்ப? இப்ப?" என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் கோபித்துக்கொண்டு திரும்பிப் படுத்தார். மறுநாள் காலை காபி குடிக்கும்போது மாமா மெதுவாக, "ப்ரோப் இல்லாமலே தெரியுதாம்மா?" என்றார். தெரிகிறது என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் பேப்பரைப் பிரித்தார்.

நடக்கிறபோதும் பஸ்ஸில் குலுங்குகிறபோதும் பிள்ளை பெரும்பாலும் அடங்கிக் கிடக்கிறது. நான் ஓய்ந்து படுத்தவுடன் ஆரம்பிக்கிறது. ஆட்டத்தில் அது உறங்கிவிடுகிறது என்கிறார்கள். நான் வேலையாக இருப்பதால் கவனிப்பதில்லை என்பதும் உண்டு. ஒருநாள் நாலைந்து முறை, ஒருநாள் ஒன்றுமே இல்லை. இந்த வாரங்களில் அப்படித்தான் ஒழுங்கில்லாமல் இருக்கும், 28 வாரத்துக்கு மேல்தான் ஒரு போக்குப் பிடிபடும், அப்போது குறைந்தால் உடனே வரவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். சொன்னாலும் ஒன்றுமே இல்லாத நாளில் மதியத்துக்கு மேல் கணக்கு ஓடுவதில்லை. குளிர்ந்த தண்ணீரைக் குடித்துவிட்டு, அலுவலகத்தின் சாப்பாட்டு அறையில் பெஞ்சில் ஒருக்களித்துப் படுத்துக் காத்திருக்கிறேன்.

இதற்கிடையில் வளைகாப்புப் பேச்சு ஆரம்பித்துவிட்டது. ஏழாம் மாதம் போட வேண்டும் என்பதில் இரண்டு வீட்டுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எது ஏழாம் மாதம் என்பதில்தான் தகராறு. கடைசியாகக் குளித்த தை மாதத்திலிருந்து அம்மா எண்ணுகிறார். அப்படி எண்ணினால் ஏழாவது ஆடி. ஆடியில் வளைகாப்பு ஆகாது. நாள் தள்ளிப்போன மாசியிலிருந்து அத்தை எண்ணுகிறார், ஏழாவது ஆவணி. மருத்துவமனை மாதத்தையே எண்ணுவதில்லை. 280 நாள், 40 வாரம் என்கிறது. அதை 28 நாளாகப் பிரித்தால் பத்து மாதம் சரியாக வருகிறது என்று மாமா ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். அவரை யாரும் கூப்பிடவில்லை என்று அத்தை சொன்னார்.

அம்மாவும் அத்தையும் ஒரு மணி நேரம் போனில் பேசினார்கள். ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் தெருவுக்கே கேட்டிருக்கும். முடிவில் ஆவணி வளர்பிறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அம்மா விட்டுக்கொடுத்ததற்குப் பதிலாக, ஐந்து வகைச் சோறும் லால்குடியிலிருந்துதான் வரும் என்று வாங்கிக்கொண்டார். புளிச்சோற்றில் யார் கை என்பதில் மட்டும் இன்னும் இழுபறி. நான் எந்தச் சேலை என்று இருவருமே கேட்கவில்லை. அது ஏற்கெனவே எடுத்தாகிவிட்டதாம்.

எனக்கு இந்த வாரம் வேறு வேலை இருக்கிறது. 24 வாரம் ஆகிறது; 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் உட்கார வேண்டும். எண் 140-ஐத் தொட்டால் கர்ப்பகாலச் சர்க்கரை. வெறும் வயிற்றில் வரவேண்டாம், சாப்பிட்டுவிட்டே வரலாம் என்ற இந்த முறையைப் பரவலாக்கியவர் சென்னை மருத்துவர் வி. சேஷையா. பட்டினியோடு பஸ் பிடித்து வரமுடியாத பெண்களை மனதில் வைத்துச் செய்தது. அத்தைக்குத் தெரிந்தவுடன், "சாப்டுட்டுப் போகலாம்னு அவங்களே சொல்லிட்டாங்கள்ல?" என்று இட்லிப் பானையை அடுப்பில் ஏற்றிவிட்டார். முடிவு என்ன வந்தது என்பது அடுத்த வாரம்.

(தொடரும்)